வீட்டில் நடப்பதைப் பிள்ளை போலீஸிடம் சொன்னால் என்ன ஆகும்?

பதினெட்டு வயது ஆகாத ஒரு பிள்ளை போலீஸிடம் போய், "வீட்டில் என்னை அடிக்கிறார்கள்" என்றோ, அதைவிட மோசமான ஒன்றையோ சொல்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டால் பெரும்பாலானவர்களிடம் இரண்டு பதில்தான் இருக்கும். "போலீஸ் வந்து பெற்றவர்களை இழுத்துக்கொண்டு போய்விடும், குடும்பமே சிதறிவிடும்" என்பது ஒன்று. "சின்னப் பிள்ளை பேச்சை யார் கேட்கப்போகிறார்கள், வீட்டுக்கு போன் போட்டு ஒப்படைத்துவிடுவார்கள்" என்பது இன்னொன்று. முதல் பயத்தில் பிள்ளைகள் வாயைத் திறப்பதே இல்லை. இரண்டாவது பயத்தில், திறந்தும் என்ன பயன் என்று விட்டுவிடுகிறார்கள். சட்டம் போட்டுவைத்திருக்கும் வழி இந்த இரண்டும் இல்லை.

சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் நாட்டுக்கு நாடு மாறும். அடிப்படை மட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஐ.நா. 1989-ல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 19-வது பிரிவு, பெற்றோரின் பராமரிப்பில் இருக்கும்போதும் பிள்ளையை வன்முறையிலிருந்தும் புறக்கணிப்பிலிருந்தும் காப்பது அரசின் பொறுப்பு என்கிறது. தன்னைப் பற்றிய விஷயத்தில் பிள்ளை சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும் என்கிறது 12-வது பிரிவு. ஆக, "இது எங்கள் வீட்டு விஷயம்" என்ற வாதம் சட்டத்தின் முன் எடுபடாது. ஆனால் இந்த நிலைக்கு வர உலகம் நிறையக் காலம் எடுத்துக்கொண்டது. 1962-ல் ஹென்றி கெம்பே என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும், குழந்தைகளின் எலும்பு முறிவுகளில் பல தவறி விழுந்து வந்தவை அல்ல, பெற்றோர் அடித்து வந்தவை என்று எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே மருத்துவர்கள் கட்டாயமாகத் தகவல் சொல்ல வேண்டும் என்ற சட்டங்கள் ஒவ்வொரு மாநிலமாக வந்தன. 1967-க்குள் எல்லா மாநிலங்களிலும் வந்துவிட்டன.

முதல் கேள்வி "உண்மையா?" என்பதல்ல

போலீஸ் என்றாலே முதலில் "நீ சொல்வதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பார்கள் என நினைக்கிறோம். நன்றாகப் பயிற்சி பெற்ற அதிகாரி மனதில் முதலில் ஓட வேண்டிய கேள்வி வேறு: இன்று ராத்திரி இந்தப் பிள்ளை எங்கே தூங்கும்? அங்கே அதற்கு ஆபத்து உண்டா?

மற்ற எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கிறது. உடம்பில் காயம் இருக்கிறதா, இப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டுமா? யாரைப் பற்றிச் சொல்கிறதோ அவர் இந்த நேரம் வீட்டில் இருக்கிறாரா? வீட்டில் தம்பி தங்கைகள் உண்டா? பிள்ளை இங்கே வந்தது வீட்டில் தெரியுமா, தெரிந்தால் என்ன செய்வார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தவுடன் முடிவெடுக்கலாம். நடந்ததா இல்லையா என்று தீர்மானிக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நடந்திருக்கலாம் என்ற நியாயமான சந்தேகம் போதும்.

ஆதாரம் தேடுவது போலீஸின் வேலை, பிள்ளையின் வேலை இல்லை. இதைப் பிள்ளைகளிடம் எத்தனை தடவை சொன்னாலும் தகும். போட்டோ எடுத்து, குரலைப் பதிவு செய்து, சாட்சி சேர்த்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்து மாட்டிக்கொண்டால் ஆபத்துதான் கூடும்.

போலீஸ் தனியாக முடிவெடுப்பதில்லை

குற்றம் நடந்ததா, யார் செய்தது என்பதைப் பார்ப்பது போலீஸ். இந்தப் பிள்ளை இனி எங்கே, யாருடன் வளரும் என்பதைப் பார்ப்பது குழந்தைப் பாதுகாப்புத் துறையோ சமூகப் பணியாளரோ. இரண்டு தரப்பும் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லியாக வேண்டும்.

இந்தியாவில் பாலியல் குற்றம் என்றால் 2012-ன் போக்சோ சட்டம் வரும். பிள்ளைக்குப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவை என்று தெரிந்தால் அதற்கு உடனே ஏற்பாடு செய்ய வேண்டும். பிள்ளையின் பராமரிப்பு பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் தகவல் சொல்ல வேண்டும். அடி, சூடு வைப்பது, பட்டினி போடுவது, கவனிக்காமல் விடுவது போன்ற கொடுமைகளுக்கு 2015-ன் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவு இருக்கிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலனைக் கவனிக்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 107-வது பிரிவு சொல்கிறது. ஸ்டேஷனுக்குப் போகிறவர் "குழந்தைகள் நல அதிகாரியைப் பார்க்க வேண்டும்" என்று கேட்டால் அது சலுகை கேட்பதல்ல.

இங்கிலாந்தில் 1989-ன் குழந்தைகள் சட்டம், 46-வது பிரிவில், போலீஸுக்கு ஓர் அவசர அதிகாரம் தருகிறது. பிள்ளைக்குக் கடுமையான தீங்கு நேரும் என்று நம்பக் காரணம் இருந்தால், நீதிமன்ற உத்தரவு இல்லாமலே பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் 72 மணி நேரம்தான். அதற்குமேல் வேண்டுமென்றால் நீதிமன்றம் போக வேண்டும். எனக்கு இந்தக் கடிகாரம் மிக முக்கியமாகப் படுகிறது. போலீஸுக்கு அதிகாரம் கொடுத்த அதே பிரிவு அந்த அதிகாரத்துக்கு முடிவு நேரத்தையும் குறித்துவிடுகிறது. இலங்கையில் 1998-ல் வந்த சட்டத்தின் கீழ் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை இருக்கிறது. போலீஸுக்கு நேராகப் போகத் தயங்குகிறவர்கள் அதன் 1929 என்ற எண்ணில் சொல்லலாம்.

பெற்றோருக்கு எப்போது தெரியும்?

சொல்ல நினைக்கும் பிள்ளை முதலில் கேட்பது இதைத்தான். நேரான பதில்: எப்படியும் ஒரு கட்டத்தில் தெரியும். மைனர் விஷயத்தில் பெற்றோருக்குத் தெரியாமலே எல்லாவற்றையும் முடிக்க முடியாது. ஆனால் எப்போது, எப்படித் தெரிய வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. யார் மேல் சந்தேகமோ அவரையே கூப்பிட்டு, பிள்ளையை எதிரில் நிறுத்தி, "இவன் இப்படிச் சொல்கிறானே, உண்மையா?" என்று கேட்பதைவிடப் பெரிய தவறு இந்த வேலையில் கிடையாது. பிள்ளை அந்த நிமிடமே பின்வாங்கிவிடும். வீட்டுக்குப் போனதும் அதற்கான தண்டனை தனி. அதனால் முதலில் பிள்ளையிடம் தனியாகப் பேசி, அது பாதுகாப்பாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே வீட்டில் பேச வேண்டும். பெற்றோரில் ஒருவர் மேல் மட்டும் சந்தேகம் என்றால், இன்னொருவரை முதலில் தனியாகச் சந்திப்பதும் உண்டு. அவரும் பயந்துபோய் இருக்கிறாரா, அல்லது தெரிந்தும் மூடி மறைக்கிறாரா என்பதை அப்போதுதான் கணிக்க முடியும்.

பேச்சு எப்படி நடக்கும்

வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் சந்திக்கும் அதிகாரி எல்லாவற்றையும் தோண்டக் கூடாது. யார், என்ன, எங்கே, கடைசியாக எப்போது என்ற அளவுக்குக் கேட்டு, பிள்ளை சொன்ன அதே சொற்களில் எழுதிக்கொள்ள வேண்டும். உடல் உறுப்புக்கு அந்தப் பிள்ளை வீட்டில் பழகிய ஒரு சொல்லைச் சொன்னால், அதை மருத்துவச் சொல்லாகவோ சட்டச் சொல்லாகவோ மாற்றி எழுதக் கூடாது. ஆறு வயதுப் பிள்ளையின் வாக்குமூலத்தில் வக்கீல் பாஷை இருந்தால், "இதை யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்" என்று எதிர்த்தரப்பு கேட்கும். கேட்பதும் நியாயம்தான்.

விரிவான பேச்சை அதற்கென்று பயிற்சி பெற்றவர் தனியாக நடத்துவார். அவர் எடுத்தவுடன் சம்பவத்துக்குப் போகமாட்டார். பிடித்த விளையாட்டு, நண்பர்கள், நேற்று காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்தாய் என்று ஏதாவது ஒரு சாதாரண விஷயத்தைச் சொல்லச் சொல்வார். வெறும் அரட்டை மாதிரித் தெரியும். ஆனால் அதில்தான் பிள்ளை தன் வாயால் ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை சொல்லிப் பழகுகிறது. கூடவே சில விதிகளையும் சொல்லிவிடுவார்: தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், கேள்வி புரியவில்லை என்றால் கேட்கலாம், நான் தப்பாகச் சொன்னால் திருத்தலாம். பெரியவர் சொன்னால் மறுத்துப் பேசக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கடைசி விதி ரொம்ப அவசியம்.

அப்புறம் விஷயத்துக்கு வருவார். "அப்பா உன்னை பெல்ட்டால அடிச்சாரா?" என்பது கெட்ட கேள்வி. அப்பா, பெல்ட், அடி மூன்றையும் கேட்கிறவரே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். பிள்ளைக்கு மிஞ்சுவது தலையாட்டுவது மட்டும்.

"இங்க எதுக்கு வந்தேன்னு சொல்லும்மா."

"வீட்ல அடிச்சாங்க."

"அடிச்சாங்கன்னு சொன்னே. அதைப் பத்தி முதல்லேர்ந்து சொல்லு."

"ராத்திரி… லைட் எல்லாம் அணைச்சாச்சு. நான் எழுந்து வந்தேன்…"

"ம். அப்புறம்?"

இப்படித்தான் போக வேண்டும். நடுவில் மௌனம் வரும். பழக்கமில்லாத அதிகாரிக்கு அந்த மௌனம் தாங்காது, உடனே இன்னொரு கேள்வியைப் போட்டு அடைத்துவிடுவார். பழகியவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளுக்கு நினைவு வரவும், சொல்லலாமா என்று யோசிக்கவும் நேரம் வேண்டும். தேதி கேட்டால் பெரும்பாலும் வராது. பள்ளி விட்டு வந்த பிறகா, அன்று வீட்டில் வேறு யார் இருந்தார்கள், எந்தச் சட்டை போட்டிருந்தாய் என்று கேட்டால் வரும்.

இந்தப் பேச்சு முடிந்தவரை ஒரே தடவையோடு முடிய வேண்டும். முன்பெல்லாம் போலீஸ், மருத்துவர், சமூகப் பணியாளர், வக்கீல் என்று ஆளாளுக்கு அதே கதையைக் கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் பிள்ளை அதே வேதனையை அனுபவிக்கும். சின்னச் சின்ன வேறுபாடுகளும் வரும். அந்த வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டே எதிர்த்தரப்பு வழக்கை உடைக்கும். இதற்குத் தீர்வாக 1985-ல் அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில்லில், எல்லாரையும் பிள்ளை இருக்கும் இடத்துக்கு வரவழைக்கும் மையம் ஒன்று தொடங்கியது. ஐஸ்லாந்தில் 1998-ல் 'குழந்தைகளின் வீடு' என்ற பெயரிலேயே ஒன்று வந்தது. வீடு மாதிரி இருக்கும் அறையில் பிள்ளையோடு ஒரே ஒருவர் பேசுவார். மற்றவர்கள் வேறு அறையிலிருந்து திரையில் பார்ப்பார்கள். பதிவான அந்த வீடியோ பின்னால் நீதிமன்றத்துக்கும் பயன்படும்.

எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை. அதனால்தான் போக்சோவின் 24-வது பிரிவு அடிப்படையான சிலவற்றையாவது எழுதிவைத்திருக்கிறது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். கூடியவரை எஸ்.ஐ. அல்லது அதற்கு மேல் பதவியில் உள்ள பெண் அதிகாரி வாங்க வேண்டும். சீருடையில் இருக்கக் கூடாது. குற்றம்சாட்டப்பட்டவர் பிள்ளையின் எதிரிலேயே வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. இது பாலியல் குற்றங்களுக்கான சட்டம்தான். ஆனால் அடிபட்ட பிள்ளையிடம் பேசும்போதும் இதே முறையைக் கடைப்பிடிப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

மருத்துவரும், வீட்டுச் சோதனையும்

மருத்துவப் பரிசோதனை என்றதும் பிள்ளைகள் மிரண்டுபோவார்கள். அது முதலில் சிகிச்சைக்காக, சான்று சேகரிப்பது இரண்டாவது. சமீபத்தில் பாலியல் தாக்குதல் நடந்திருந்தால் நேரம் முக்கியம்: எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும். குளிக்காமலும் துணியைத் துவைக்காமலும் போனால் நல்லது; குளித்துவிட்டால் காரியம் கெட்டுவிட்டது என்று நினைத்துப் போகாமல் இருந்துவிடக் கூடாது. இந்தியாவில் எஃப்.ஐ.ஆர். பதிவாகாவிட்டாலும் பரிசோதனை செய்யலாம். சிறுமி என்றால் பெண் மருத்துவர்தான் செய்ய வேண்டும், பிள்ளை நம்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

காயம் எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தால் பொய் சொன்னதாக அர்த்தமில்லை. பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான பிள்ளைகளில் பெரும்பாலானவர்களின் உடலில் எந்த அடையாளமும் இருப்பதில்லை. இது தெரியாத போலீஸ்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

வீட்டுக்குப் போகும் போலீஸ், பிள்ளை சொன்னதில் சரிபார்க்கக்கூடியவற்றைத் தேடும். வெளியே தாழ்ப்பாள் போட்ட அறை என்று சொன்னதா? தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒயரால் அடித்தது என்றதா? அந்த ஒயரின் மடிப்பும் முதுகில் இருக்கும் தழும்பின் வடிவமும் பொருந்துகிறதா என்று மருத்துவரிடம் கேட்பார்கள். ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், பழைய மருத்துவச் சீட்டு, போனில் உள்ள செய்திகள் எல்லாம் இதில் சேரும்.

பிள்ளை எங்கே போகும்?

எல்லாப் பிள்ளையையும் வீட்டிலிருந்து பிரித்துவிடுவதில்லை. நல்ல தீர்வு, தப்பு செய்தவர் வெளியே போவதும் பிள்ளை தன் வீட்டில், தன் பள்ளியோடு இருப்பதும்தான். அது முடியாதபோது நம்பகமான உறவினர் உண்டா என்று பார்ப்பார்கள். அவரையும் விசாரித்த பிறகே அனுப்ப வேண்டும். அந்த உறவினர் மறுநாளே சமாதானம் பேசிப் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவதும் நடக்கக்கூடியதுதான். யாரும் இல்லை என்றால் வளர்ப்புக் குடும்பமோ அரசு காப்பகமோ. இந்தியாவில் பிள்ளையைப் பயண நேரம் தவிர்த்து 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும், முடிவு அவர்களுடையது.

கைதும் எப்போதும் உடனே நடந்துவிடாது. சில வழக்குகளில் அன்றே நடக்கும், சிலவற்றில் விசாரணைக்குப் பிறகு. சிலவற்றில் வழக்கே இல்லாமல், சமூகப் பணியாளர் அடிக்கடி வந்து பார்க்கும் ஏற்பாட்டோடு முடியும். பெற்றோர் பிள்ளையை அடிப்பதையே ஸ்வீடன் 1979-ல் தடை செய்தது, பிறகு 60-க்கும் மேற்பட்ட நாடுகள் அதே வழிக்கு வந்துவிட்டன. மற்ற இடங்களில் ஓர் அடி எப்போது குற்றமாகிறது என்பதில் தெளிவின்மை உண்டு. தனக்கு நடப்பது கொடுமையா இல்லையா என்று பிள்ளை சட்டப் புத்தகம் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியதில்லை. பயமாக இருந்தால் சொல்லலாம்.

பின்வாங்கினால்?

பல பிள்ளைகள் சில நாளில் "நான் சொன்னது பொய்" என்பார்கள். அம்மா அழுவார், பாட்டி திட்டுவார், வீட்டில் வருமானம் நின்றிருக்கும், எல்லாப் பழியும் பிள்ளை தலையில் விழும். நல்ல அதிகாரி இதைக் கேட்டதும் கோப்பை மூடிவிடாமல், இடையில் யார் பார்க்க வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்பார். குற்ற வழக்கை நடத்துவது அரசுதான். பிள்ளை வாபஸ் வாங்கியதாலேயே அது தானாக முடிந்துவிடாது. போக்சோவில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு: தகவல் பொய்யாகவே இருந்தாலும், சொன்னது பிள்ளை என்றால் அதற்குத் தண்டனை கிடையாது. பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது.

ஸ்டேஷனில் தட்டிக்கழித்தால்

"பெரியவங்க கண்டிக்கத்தான் செய்வாங்க, வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. நடக்காது என்று எழுதினால் இந்தக் கட்டுரையை நம்பி யாரும் ஸ்டேஷனுக்குப் போக முடியாது. போக்சோ குற்றத்தைப் பதிவு செய்ய மறுக்கும் போலீஸுக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு என்கிறது 21-வது பிரிவு. ஆனால் கதவருகில் நிற்கும் பிள்ளைக்கு அந்த நேரத்தில் அது உதவாது. அந்த நேரத்தில் உதவுவது இரண்டாவது வாசல். அது ஓர் உதவி எண்ணாக இருக்கலாம்: இந்தியாவில் 1098, இலங்கையில் 1929, மலேசியாவில் 15999, இங்கிலாந்தில் 0800 1111. அல்லது ஓர் ஆசிரியர், ஒரு மருத்துவர்: பல நாடுகளில் இவர்கள் தெரிந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். இப்போதே அடிதடி நடந்துகொண்டிருக்கிறது என்றால் இதெல்லாம் வேண்டாம், நேராக அவசர எண்தான்.

அந்த இரண்டாவது வாசலாக நீங்களே இருக்க நேரலாம். அப்போது விசாரணை அதிகாரி ஆகிவிடாதீர்கள். கேளுங்கள், நம்புகிறேன் என்று சொல்லுங்கள், "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், வீட்டுக்குப் போய் நியாயம் கேட்காதீர்கள். பிள்ளை சொன்னதை அது சொன்ன சொற்களிலேயே ஒரு தாளில் எழுதி, தேதியும் நேரமும் போட்டு, அன்றைக்கே போலீஸிடமோ உதவி எண்ணிலோ தகவல் சொல்லுங்கள். தாளில் இலக்கணம் திருத்த வேண்டாம்.